விதைக்கு விட்ட பூ

மானிப்பாயிலே ஒரு வீட்டின் முன்வளவிற் பூங்கண்டு வளர்க்கப்படுவதற்கு முதற்காரணம் அழகன்று, பூசையேயாகும். விடியற்காலையில் முகங்கழுவித் திருநீறு பூசி, பனையோலைப் பெட்டியொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்குகிற வீட்டுத்தலைவி, அன்று விரிந்தவற்றுள் எது பெரிது, எது அடுக்கு நிறைந்தது, எது பூச்சி தொடாதது என்று பார்த்துப் பார்த்து ஆய்ந்து, சுவாமியறைக்கும் மருதடிப் பிள்ளையார் சந்நிதிக்குமாகப் பங்கிடுகிறாள். சிறந்ததை இறைவனுக்குக் கொடுக்க வேண்டுமென்பது இம்மண்ணின் ஒழுக்கமாகையால் இதிற் குறை சொல்ல எவருக்கும் வாய் வராது. ஆயினும், அந்த ஒழுக்கத்தின் மறைவிலே, ஒருவரும் உத்தேசியாத ஒரு காரியம் வருஷந்தோறும் நடந்துவருகிறது. நல்ல கண்டின் பூக்களெல்லாம் ஆயப்பட்டுப் போக, ஆய்வதற்குத் தகாதென்று விடப்பட்ட சிறியவையும் சோகை பிடித்தவையுமே கண்டில் நின்று முற்றி, அடுத்த மாரிக்கு விதையாகின்றன.

இவ்வாறு சில மாரி கழிந்த பின்னர், முன்பு கைநிறைய விரிந்த ஜீனியா இப்போது ஏன் சிறுத்துப்போயிற்று, மாலைக்கு ஏற்றதாயிருந்த துலுக்கச் செவ்வந்தி ஏன் ஒற்றையிதழாய் வருகிறது என்று கேட்டால், கிணறு உவரேறிவிட்டது, எரு போதாது, மண் களைத்துவிட்டது என்று மூன்று விடைகள் ஆயத்தமாக இருக்கும். மூன்றிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் நாலாவது விடை, ஆய்கிற கையிலேயே இருக்கிறது என்பதை நாம் யோசிப்பதில்லை.

யோசிக்கத் தெரியாத சனமும் அல்ல நாம். அதே வளவின் பின்புறத்திலே புடலைப் பந்தலும் பூசணிக்கொடியும் கத்தரிப்பாத்தியும் இருக்கின்றன. அங்கே கொடிகளுள் எது நோயின்றி ஓடியதோ அதில் இளமையிலேயே பிடித்த நல்ல காயொன்றுக்குத் துணித்துண்டு கட்டி, இது விதைக்கு விட்டது என்று வீட்டுக்காரர் அறிவித்துவிட்டாரானால், கறிக்கு வேறொன்றும் இல்லாத நாளிலும் அதனை எவரும் தொடமாட்டார். எஞ்சிப்போன கூழைக்காயை விதைக்கு விடுகிறவனைத் தோட்டக்காரனென்று யாழ்ப்பாணத்தில் ஒருவரும் மதிப்பதில்லை. கறிக்காய் விஷயத்தில் இத்தனை தெளிவுள்ள குடும்பம், பத்தடி தள்ளி முன்வளவுக்கு வந்தவுடன் அந்தச் சாஸ்திரத்தை முழுவதும் மறந்துவிடுவது விநோதமே.

பருவமும் இந்த மறதிக்கு உடந்தையாகிறது. குடாநாட்டின் மழை வடகீழ்ப் பருவக்காற்றின் மழை. ஐப்பசியில் இறங்கி மார்கழி வரை நின்று பெய்து ஓய்வது. புரட்டாசிக் கடைசியில் அல்லது ஐப்பசியின் முதல் ஈரத்தில் தாழ்வாரத்துச் சாடிகளில் விதைத்த நாற்று, கார்த்திகைப் பெருமழையின் அடிக்குத் தப்பிப் பாத்திக்கு இறங்கி, முதற்பூவை விரிக்கும் காலம் மார்கழி. மார்கழியோ திருவெம்பாவைக் காலம். வைகறைப் பூசைக்கு ஊரெல்லாம் பூத் தேடும் நாட்கள். ஆகவே கண்டின் முழுப் பலத்தையும் பெற்றுப் பிறக்கிற முதற்பூக்கள் ஒன்றுதவறாமல் பெட்டிக்குள் விழுகின்றன. தையும் மாசியும் பிறந்து, மழை ஓய்ந்து, வெயில் உறுதிப்பட்டு, விதை முற்றுவதற்கு அதனிலும் உகந்த காலம் வேறில்லையென்னும்படி வானம் தெளியும்போது, கண்டு தன் சத்தைச் செலவழித்து முடித்துவிட்டிருக்கும். பின்னர், பங்குனியில் வரும் கடைப்பூக்களைப் பார்த்து, இனி இவை எதற்கு, விதைக்காவது கிடக்கட்டும் என்று விடுகிறோம்.

பரிகாரம் எளிது, நடைமுறைதான் கடினம். முதலிற் பூத்த கண்டுகளுள் உருவம், நிறம், தண்டின் உறுதி ஆகிய எல்லாவற்றாலும் மனதுக்குப் பிடித்தவற்றைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டு, அக்கண்டுகளிற் பூ ஆயாதிருக்க வேண்டும். தெரிந்தெடுக்க வேண்டியது பூவையன்று, கண்டை என்பது இங்கே நுட்பமான விஷயம். ஒரு கண்டில் முதலில் விரிந்த பெரிய பூவும் கடைசியில் விரிந்த சிறிய பூவும் ஒரே தாயின் குணத்தையே சுமக்கின்றன. நலிந்த கண்டொன்றிலே எருவின் வேகத்தால் தற்செயலாகப் பெருத்துவிட்ட ஒற்றைப் பூவை நம்பி விதை எடுப்பவன் ஏமாந்துபோவான். நல்ல கண்டு என்று முடிவு செய்துவிட்டால், அதன் முதல் நாலைந்து பூக்களை முற்றவிட்டு, பிந்தியவற்றைப் பூசைக்கு ஆயலாம். தொடக்கத்திற் பிடிக்கும் விதை நிறைந்ததாயும் பாரமுள்ளதாயும் இருக்கும்.

இந்த ஏற்பாட்டை ஒரு வீட்டிற் கொண்டுவருவது எவ்வளவு வாக்குவாதத்துக்கு இடமானது என்பதை, இளையவள் சிவப்பு நூல் கட்டிய வீடுகளிலே காணலாம்.

“ஆச்சி, உந்தக் கண்டில ஆயாதேங்கோ. விதைக்கு விட்டிருக்கிறன்.”

“சாமிக்கு வைக்கிற பூவை மரத்திலயே விட்டு வாடப்பண்ணிறதோ, பிள்ளை? நல்லாயிருக்கு உன்ர நியாயம்.”

ஆச்சியின் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆகையால் நான் சொல்வது, பாத்தியைக் குறைத்து வாக்குவாதத்தைக் கூட்டாமல், நாற்றைக் கூட்டி இரண்டு பாத்தியாக நடுவதே உத்தமம் என்பதாம். மருதடிப் பிள்ளையாரின் தேர் சித்திரை வருஷப்பிறப்பன்று ஓடுகிற ஊரில், தை மாதத்தில் கிணற்று நீரை நம்பி இரண்டாம் விதைப்பொன்று செய்துவிட்டால், அந்தப் பூ முழுவதும் பிள்ளையாருக்கே ஆகட்டும். மாரிப் பாத்தியில் நூல் கட்டிய கண்டுகள் மட்டும் தோட்டத்துக்கு.

விதை எடுக்கும் முறை பூவுக்குப் பூ வேறுபடும். ஜீனியாவின் பூத்தலை தண்டோடு கபிலநிறமாகிக் காய்ந்த பின்னரே கைவைக்க வேண்டும். அப்போது ஒவ்வோர் இதழையும் இழுத்தால் அதன் அடியில் அம்புமுனை வடிவான விதை ஒட்டிக்கொண்டு வரும். துலுக்கச் செவ்வந்தியிற் பச்சைக் கிண்ணம் மஞ்சளித்துச் சுருங்கியவுடன் அதனைப் பிய்த்தால், ஒரு முனை கறுத்தும் மறுமுனை வெளிறியும் இருக்கிற ஊசி விதைகள் கட்டுக்கட்டாய் வெளிப்படும். வாடாமல்லிகை தன் விதையைப் பஞ்சினுள் ஒளித்துவைப்பது. உலர்ந்த பூவை உள்ளங்கையிற் கசக்கினால் ஒழிய அகப்படாது, கசக்கிய பிறகும் பஞ்சோடு விதைப்பதே சுலபம். கோழிக்கொண்டையின் விதை கொண்டையின் மேற்புறத்தில் இல்லை. அடியிற் கழுத்தோரமாகப் பளபளக்கும் கருமணிகளாய் இருக்கும். ஒரு கடதாசியின் மேற் கவிழ்த்துத் தட்டினாற் போதும். முளைப்பதற்கு வெளிச்சத்தை விரும்புவது ஆகையால், அதனை மண்ணின் மேலே தூவி அழுத்திவிட வேண்டுமேயன்றிப் புதைக்கலாகாது. பட்டிப்பூவோ இதற்கு நேர்மாறு: இருளிலேதான் நன்றாக முளைக்கும். சோடிசோடியாக நிற்கும் அதன் மெல்லிய காய்கள் மஞ்சளித்துக் கபிலமாகிப் பிளக்கும் தறுவாயிற் பறித்தெடுத்து, விதையை மண்ணால் நன்றாக மூடிவிட வேண்டும்.

காசித்தும்பையிடம் மட்டும் தந்திரம் வேண்டும். முற்றிய காயைத் தொட்டமாத்திரத்தில் அது வெடித்துச் சுருண்டு விதையை எட்டத்துக்கு எறிந்துவிடும்; சிறுபிள்ளைகளுக்கு அது விளையாட்டு, விதை சேகரிப்பவனுக்கு நஷ்டம். காய் பருத்து, பச்சை வெளிறி, உள்ளே விதையின் நிழல் தெரியத் தொடங்கும்போது, அதனைக் கையினால் முழுவதும் பொத்திப் பிடித்தபடியே கொய்து கடதாசிப் பையினுள் விட்டுவிட்டால், அது தன் கோபத்தைப் பைக்குள்ளே தீர்த்துக்கொள்ளும். சூரியகாந்திக்குக் கிளிதான் எதிரி; பூத்தலைக்கு மெல்லிய துணி கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

எனினும் விதை வளர்ப்பின் முழு மர்மத்தையும் ஒரே செடியிற் பிரத்தியட்சமாகக் காண விரும்புகிறவர் அந்திமந்தாரையை வளர்க்க வேண்டும். மாலை நாலு மணிக்கு மேல் விரிந்து காலையிற் கூம்புகிற இச்செடி வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. மிளகு போன்ற கரிய விதை, முற்றியவுடன் தானே உதிர்ந்து கிடக்கும், பொறுக்குவதொன்றே வேலை. சிவப்புப் பூக் கண்டையும் வெள்ளைப் பூக் கண்டையும் அருகருகே வைத்து அவற்றின் மகரந்தம் கலந்தால், அடுத்த தலைமுறை இளஞ்சிவப்பாகப் பூக்கும். அந்த இளஞ்சிவப்பின் சொந்த விதையை மீண்டும் விதைத்தாலோ, நாலுக்கு ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை, மற்றை இரண்டும் இளஞ்சிவப்பு என்னும் வீதத்தில் பாட்டனும் பாட்டியும் திரும்பவும் முற்றத்தில் வந்து நிற்பார்கள். மெண்டல் 1866இல் வெளியிட்டு உலகம் கவனியாது விட்ட பரம்பரை விதிகளை 1900இல் மறுபடியும் கண்டெடுத்த மூவருள் ஒருவரான கார்ல் கொரென்ஸ் என்னும் ஜெர்மானியர், தம் பரிசோதனைக்குக் கைக்கொண்ட செடிகளுள் ஒன்று இதுவே. வெள்ளைத் திட்டுகள் உள்ள இலையுடைய அந்திமந்தாரையின் இலைநிறம் தந்தையின் மகரந்தத்தைச் சாராது, விதையைச் சுமந்த தாய்க்கிளையின் நிறத்தையே பின்பற்றுகிறது என்று 1909இல் அவர் காட்டியபோது, பரம்பரையில் தாய்க்கு மட்டுமே உரிய ஒரு பங்கு உண்டென்பது விஞ்ஞானத்துக்கு முதன்முதலாகத் தெரியவந்தது. ஐரோப்பாவின் சர்வகலாசாலைத் தோட்டத்திலே நடந்த அப்பரீட்சையை, ஒரு சதமும் செலவில்லாமல் மானிப்பாயின் எந்தக் கிணற்றடியிலும் செய்துபார்க்கலாம்.

மகரந்தம் கலப்பதும் கலவாததும் பூவுக்குப் பூ வேறுபடுவதால், எல்லாப் பூவையும் ஒரே கண்டிப்போடு தெரிவுசெய்ய வேண்டியதில்லை. காக்கணம் பெரும்பாலும் மொட்டு விரியுமுன்னே தன்னுள் தானே சூல்கொள்வது. நீலமும் வெள்ளையும் ஒரே வேலியிற் படர்ந்தாலும் எளிதில் மயங்காது, எந்த நெற்றை எடுத்தாலும் தாயைப் போலவே வரும். அதற்கு நாம் செய்ய வேண்டிய உபகாரம், வன்தோலுடைய விதையை ஓரிரவு தண்ணீரில் ஊறவைப்பது மாத்திரமே. ஜீனியாவும் துலுக்கச் செவ்வந்தியும் கொஸ்மஸும் அப்படியல்ல. வண்ணத்துப்பூச்சியும் தேனீயும் அயல்வீட்டு மகரந்தத்தை இங்கே கொண்டுவந்து கொட்டும். நம் வளவில் நல்லதை வைத்துக்கொண்டு நலிந்ததைப் பூக்கும் முன்பே பிடுங்கி எறியாவிட்டால், தாயைத் தெரிந்தும் பயனில்லை; தந்தை யாரென்பது நம் கையில் இருக்காது.

கடையில் வாங்கிய வர்ணப் பொட்டலத்தின் விதையிலிருந்து விதை எடுப்பவருக்கு ஓர் எச்சரிக்கை. பொட்டலத்தின்மேல் எப்-1 என்று அச்சிட்டிருந்தால், அது வேறுபட்ட இரண்டு தூய குலங்களை வருஷந்தோறும் புதிதாய் மணமுடித்துப் பெற்ற முதற் சந்ததி. அதன் பிள்ளைகள் தாயைப் போல இரா. நாலு திசையிலும் சிதறிப்போம். 1930களில் ஜப்பானியச் சக்காட்டா நிறுவனம், முளைத்த கண்டெல்லாம் அடுக்குப் பூவே பூக்கும் பெற்றூனியா விதையை உலகச் சந்தைக்கு அனுப்பிப் பெருஞ் செல்வம் ஈட்டியதற்கு, அந்த விதையை வாங்கியவன் தானாக அதனை மீண்டும் உண்டாக்க முடியாது என்பதும் ஒரு காரணம். எனக்கு இதில் வியாபாரிகள்மேற் கோபமில்லை. சிதறிவரும் பிள்ளைகளுக்குள்ளேயும் நம் வெயிலுக்கும் நம் கிணற்று நீருக்கும் இசைந்த ஒன்றிரண்டு இருக்கும். அவற்றைத் தெரிந்து, சில தலைமுறை பொறுமையாய் நூல் கட்டிக்கொண்டு வருகிறவனுக்கு, பொட்டலத்தின் படத்தில் இல்லாத ஒரு பூ வாய்க்கலாம்.

எடுத்த விதையை வைத்திருக்கும் சாமர்த்தியத்திலே நம் முன்னோர் குறைந்தவரல்லர். சாம்பலிற் புரட்டுவதும், வேப்பிலையோடு முடிந்துவைப்பதும், அடுப்படிக் கூரையிற் புகை படும்படி தூக்குவதும் எல்லாம் ஈரத்தையும் பூச்சியையும் விலக்கும் உபாயங்களே. ஹாரிங்டன் என்னும் அமெரிக்க விதைநூலார் வகுத்த பருமட்டான விதியும் அதனையே வேறு பாஷையிற் சொல்கிறது: விதையின் ஈரம் நூற்றுக்கு ஒரு பங்கு குறையுந்தோறும் அதன் ஆயுள் இரட்டிக்கும், வைப்பிடத்தின் வெப்பம் 5 பாகை செல்சியஸ் குறையுந்தோறும் அவ்வாறே இரட்டிக்கும். இக்காலத்தில் அடுப்படிப் புகை அருகிவிட்டமையால், நிழலில் உலர்த்திய விதையைக் கடதாசியில் மடித்துப் பெயரும் மாதமும் எழுதி, இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் இட்டு, நன்றாய் வறுத்து ஆறவைத்த கொஞ்ச அரிசியையும் அடியிற் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைப்பது நல்லது. வெயிலில் நேரே காயப்போடுவதும், பொலித்தீன் பையில் ஈரத்தோடு கட்டிவைப்பதுமே பெரும்பாலான முளையாமைக்குக் காரணம். வடகிழக்குச் சீனத்தில், வற்றிப்போன ஏரியொன்றின் மண்ணிலிருந்து எடுத்த தாமரை விதை ஏறத்தாழ 1,300 வருஷத்தின் பின் முளைத்தது உண்மைதான். ஆனால் தாமரை விதையின் கல்போன்ற ஓடு ஜீனியாவுக்கு இல்லை. சில வருஷத்துக்கு மேல் அதனை நம்புவது வீண்.

பட்டிப்பூவை இங்கே விதைப்பார் அரிது. தானாகவே வேலியோரத்திலும் கல்லிடுக்கிலும் முளைத்து நிற்பதால் அதற்கு மரியாதையும் குறைவு. ஆயினும் மருந்தின் அருமை தெரிந்த ஊர் இது; அமெரிக்க மிஷன் வைத்தியரான கிறீன் 1848இலே தமிழ் மாணாக்கருக்கு மேனாட்டு வைத்தியம் கற்பிக்கத் தொடங்கியது இங்கேதான். பிற்காலத்தில், 1958இல், மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட அந்தச் செடியின் இலையிலிருந்து புற்றுநோய்க்கு மருந்தாகும் வின்பிளாஸ்ரின் பிரித்தெடுக்கப்பட்டது. அந்த ஆராய்ச்சி நடந்த இடம், இன்று நம்மவர் திரளாக வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துச் சர்வகலாசாலையொன்று.

வீட்டு விதை ஒன்றே கதியாயிருந்த காலமும் இவ்வூருக்கு உண்டு. 1990 முதல் 2002 வரை, போரினால், குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் கண்டிவீதி மூடிக்கிடந்தது; பசளையும் எரிபொருளும் தடைசெய்யப்பட்ட பொருள்கள்; கொழும்பிலிருந்து பூவிதைப் பொட்டலம் வருமென்று எவரும் கனவிலும் எதிர்பார்க்கவில்லை. கொடுத்து வாங்குவது வேலிக்கு வேலி நடந்தது. பின்னர், 1995 ஐப்பசியில், அதாவது ஒக்டோபர் 30ஆந் திகதி, போர் நெருங்க, மானிப்பாயும் அடங்கிய வலிகாமம் முழுவதும் ஒரே இரவிற் புறப்பட்டுத் தென்மராட்சியை நோக்கி நடந்தது. நாற்று விதைக்கிற காலம் அது. அடுத்த சித்திரைக்குப் பின்னரே சனம் திரும்பத் தொடங்கியது. இடையில் ஒரு மாரி, மனிதர் இல்லாத வளவுகளிலே பெய்து ஓய்ந்தது. வீடு இழந்தவனுக்குப் பூங்கண்டைப் பற்றிப் பேசுவது அபத்தம். ஆயினும் விதையின் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டால், முற்றத்தில் முந்திய வருஷம் உதிர்ந்தவை தாமே முளைத்துத் தாமே பூக்க, திருவெம்பாவைக்கு ஆய்வதற்குக் கையில்லாத அந்த ஒரு மார்கழியில், நல்ல பூவும் நலிந்த பூவும் பேதமின்றி விதையாகியிருக்க வேண்டும்.

அந்த இடப்பெயர்வுக்கு முன்னும் பின்னும் கடல்கடந்து போனவர்களுக்கு ஊரிலிருந்து விதை அனுப்புவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. அன்பினால் செய்வதுதான், ஆனால் சேலை மடிப்புக்குள் முடிந்து அனுப்புகிற அன்பு சட்டத்துக்கு விரோதமானது. அவுஸ்திரேலியாவுக்குள் விதையைச் சொல்லாமற் கொண்டுபோவது தண்டத்துக்குரிய குற்றம். கனடாவிலும் இறக்குமதிக்கு விதிகள் உண்டு. முறையாக அனுப்ப விரும்புகிறவர் கட்டுநாயக்காவிலுள்ள தாவரத் தடுப்புக்காப்பு நிலையத்திற் சுகாதாரச் சான்றிதழ் பெறலாம். ஒரு தோட்டத்தின் நோயை மற்றொரு தேசத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கக்கூடாது என்பதே அதன் தாற்பரியம்.

முறைப்படி கிடைத்த காக்கணம் விதையை ரொறன்ரோவில் வளர்க்கிறவர், பனிக்காலம் முடியுமுன்னே, பங்குனியில் வீட்டுக்குள் யன்னலோரத்திற் சாடியில் விதைத்து, வைகாசிக் கடைசியில் வெளியே இறக்கினால், ஆடிவாக்கிற் பூக்கும். நெற்று உலர்ந்து முற்றுவதற்கு அதன்பின் இன்னும் பல வாரம் செல்லும். ஒக்டோபரிலோ உறைபனி வந்து கொடியை ஒரே இரவிற் கருக்கிவிடும். மானிப்பாயிற் பங்குனிப் பூவுக்கும் விதையாகும் வாய்ப்பு உண்டு, ஆனபடியால் முதற்பூவை ஆய்வது ஒரு பழக்கம் மாத்திரமே. அங்கே முதற்பூவை ஆய்ந்துவிட்டால் அந்த வருஷத்துக்கு விதையே இல்லை.